எது முதலில்? பக்கிங்காம் கால்வாய்க்கரையில் கட்டம் கட்டமாக எழுந்த குடியிருப்புகள்



நம் அரங்கின் நினைவுச் சொற்பொழிவுகளில் இலக்கியமும் வரலாறும் நிறையப் பேசப்பட்டிருக்கின்றன. இம்முறை நகர்த் திட்டமிடல் பற்றிப் பேசுகிறேன் என்று நானேதான் கேட்டுக்கொண்டேன். திட்டமிடல் என்றதும் வரைபடம், சதுர அடி, அரசாணை என்று வறட்டுச் சமாச்சாரமாகத் தோன்றும். ஆனால் சென்னையில் நம் மக்களில் ஒரு பெரும்பகுதியினர் எங்கே தூங்குவது, எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்குப் போவது, பிள்ளை எந்தப் பள்ளியில் படிப்பது என்பதையெல்லாம் இருபத்தைந்து ஆண்டுகளாக முடிவு செய்துவருவது இந்த வறட்டுச் சமாச்சாரம்தான்.

திட்ட ஆவணங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘கட்டம்’. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். பெரிய குடியிருப்பு எதையும் ஒரே நாளில் கட்டிவிட முடியாது என்பதால் கட்டம் பிரிப்பது நியாயமே. கேள்வி வேறு. எந்தக் கட்டத்தில் எது வருகிறது? எது முதலில், எது கடைசியில்? வடிகால் முதலில் வந்து மக்கள் பின்னால் வந்தால், வடிகால் தாமதமாகும் நட்டம் அரசுக்கு. மக்கள் முதலில் வந்து வடிகால் பின்னால் வந்தால், அந்த நட்டம் மக்களுக்கு. வேலைகளின் வரிசை மாறும்போது சுமை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று குடியிருப்புகளின் வழியாக இதை விளக்க முயல்கிறேன்.

கால்வாயும் கரையும்

முதலில் கால்வாயைத் தெரிந்துகொள்வோம். சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய்தான் இதன் தொடக்கம். அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டுகொண்டே போய், ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீர்வழியானது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கிராமங்களிலிருந்து பசியோடு வந்தவர்கள் மண் சுமந்து வெட்டிய கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

உப்பு, விறகு, நெல், சுண்ணாம்பு எல்லாம் படகில் வந்த காலம் ஒன்று இருந்தது. ரயிலும் சாலையும் வந்தபின் போக்குவரத்து குறைந்தது. பிறகு கழிவுநீர் சேர்ந்தது. யாருக்கும் வேண்டாத கரையாக மாறிய இடத்தில்தான் நகரத்தின் உழைப்பாளிகள் குடிசை போட்டார்கள். துப்புரவுப் பணியாளர், மூட்டை தூக்குவோர், கட்டட வேலையாள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், மீன் விற்பவர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். வேலைக்கு நடந்தே போகலாம் என்பது அந்தக் கரையின் மதிப்பு. நாற்றமும் கொசுவும் வெள்ளமும் அதற்குக் கொடுத்த விலை.

இந்தக் கரைவாசிகள் எல்லாரும் தலித்துகள் அல்லர். மீனவர்களும் இசுலாமியரும் பிற்படுத்தப்பட்டோரும் உண்டு. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் பட்டியல் சாதியினர் சுமார் 17 விழுக்காடு. குடிசைப் பகுதிகளில் அவர்களின் பங்கு இதைவிட மிகவும் கூடுதல். கிராமத்தில் சேரி பள்ளத்தில் இருந்தது. நகரத்திலும் பள்ளமே வாய்த்தது.

கால்வாயைச் சுருக்கியதில் அரசின் பங்கும் உண்டு. 1990களில் கட்டத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ரயில் நிலையங்கள் கால்வாயின் மேலேயே எழுந்தன. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொன்னதில்லை.

இருந்த இடத்திலிருந்து தொலைவுக்கு

அரசு எப்போதுமே மக்களைத் தூக்கித் தொலைவில் போட்டது என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சட்டமும் வந்தது. அக்காலத்தில் வாரியம் செய்த முக்கியமான வேலை, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டி அதே மக்களுக்குக் கொடுப்பது. நகரின் நடுவே இன்றும் பழைய வாரியக் குடியிருப்புகள் நிற்பது அதனால்தான். அவற்றின் தரம் பற்றிக் குறை உண்டு. ஆனால் அங்கே வாழ்ந்தவர்கள் வேலையை இழக்கவில்லை. பிள்ளைகள் பள்ளியை இழக்கவில்லை.

1977 முதல் உலக வங்கிக் கடனுதவியுடன் இன்னொரு முறை வந்தது. சாலை, தண்ணீர், வடிகால் போட்ட மனைகளை அரசு பிரித்துக் கொடுக்கும். வீட்டை மக்கள் தங்கள் வசதிக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்வார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இப்படி மனைகள் உருவாயின. அங்கே வரிசையைக் கவனியுங்கள்: குழாயும் சாலையும் முதலில், ஆட்கள் அடுத்து, வீடு கடைசியில், அதுவும் அவரவர் கையால். கட்டம் கட்டமாக வளர்வது ஏழைகளுக்குக் கெடுதல் இல்லை, வரிசை சரியாக இருந்தால் அதுவே அவர்களுக்கு வசதி என்பதற்கு இந்தப் பகுதிகள் சான்று.

1990களுக்குப் பிறகு நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறியது. ரயில், மேம்பாலம், நதிச் சீரமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இடம் தேவைப்பட்டது. வீடு கட்ட மலிவான நிலம் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, சதுப்பும் ஏரிப்புறம்போக்குமாகக் கிடந்தது. அங்கேதான் மூன்று குடியிருப்புகளும் எழுந்தன.

மூன்று கட்டங்கள்

முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டு வாக்கில் குடியேற்றம் தொடங்கியது. பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய நிலம். கட்டம் கட்டமாக வளர்ந்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆயின. பக்கத்திலேயே எழில் நகரும் சேர்ந்தது. அடுத்தது செம்மஞ்சேரி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களும் நகரின் நீர்நிலைக் கரைகளில் இருந்தவர்களும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். மூன்றாவது பெரும்பாக்கம். ஒன்றிய அரசின் ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள் என்ற உயரத்தில். 2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

எண்ணிக்கையைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நடுத்தர நகரத்தின் மக்கள்தொகையை இந்த மூன்று இடங்களில் அரசு உருவாக்கியிருக்கிறது. ஒரு நகரத்தை உருவாக்குகிறோம் என்ற எண்ணம் திட்டத்தில் இருந்ததா என்றால், வீடுகளின் எண்ணிக்கையில் மட்டும் இருந்தது.

நிர்வாக எல்லையே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாநகராட்சிப் பகுதியில் வாழ்ந்தவர்களை மாநகராட்சிக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஒக்கியம் துரைப்பாக்கமும் செம்மஞ்சேரியும் அப்போது ஊராட்சிகள். 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. பெரும்பாக்கத்துக் குடியேற்றம் நடந்தபோதும் அது ஓர் ஊராட்சியே. சில ஆயிரம் பேருக்கான குப்பை வண்டியும் தெருவிளக்கும் வைத்திருந்த ஊராட்சியின் தலையில் பல்லாயிரம் குடும்பங்கள் வந்து இறங்கின. குப்பை யார் அள்ளுவது என்ற கேள்விக்குப் பதில் தேடியபடியே மக்கள் குடியேறினார்கள்.

தண்ணீர் போகும் வழி

கால்வாய்க்கரையில் குடியிருப்பு கட்டக்கூடாது என்று எந்த இயற்கை விதியும் இல்லை. உலகில் எத்தனையோ நகரங்கள் கால்வாயோடு வாழ்கின்றன. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று முதலில் கேட்டாக வேண்டும்.

தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. கால்வாய் தெற்கே ஓடி முட்டுக்காடு அருகே கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. இந்தப் பாதை முழுவதும் நிலம் ஏறத்தாழச் சமதளம். நீர் மெதுவாகத்தான் நகரும். கடலில் ஓதம் ஏறியிருந்தால் கால்வாய் நீர் வெளியேற முடியாமல் நிற்கும். பின்னால் மடுவும் நிற்கும். அதற்கும் பின்னால் சதுப்பும் ஏறும். சதுப்பின் வடிநிலத்தில் அமைந்த செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மழைக்காலத்தில் தண்ணீரில் நிற்பதற்கு இதுவே காரணம்.

இப்போது மாநகரின் வாதத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘நீர்நிலைக் கரையில் இருப்பது உங்கள் உயிருக்கு ஆபத்து, அதனால் அகற்றுகிறோம்’ என்றார்கள். எடுத்தது பக்கிங்காம் கால்வாயின் கரையிலிருந்து. வைத்தது அதே கால்வாயின் தெற்குப் பகுதியில், அதற்கு நீர் கொண்டுவரும் சதுப்பின் ஓரத்தில். ஆபத்திலிருந்து மீட்பதே நோக்கம் என்றால் இப்படி ஓர் இடத் தேர்வு நடந்திருக்காது.

சரியான வரிசை எது?

நிலத்தடியில் தொடங்க வேண்டும். கால்வாய்க்கரையில் ஒரு புதிய குடியிருப்பை உருவாக்கும்போது முதல் வேலை வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டு, தெருவின் மட்டத்தையும் தரைத்தளத்தின் மட்டத்தையும் தீர்மானிப்பது. மழைநீர் எந்த வழியாகக் கால்வாயை அடையும், கால்வாய் நிறைந்திருந்தால் எங்கே தேங்கி நிற்கும் என்று இடம் ஒதுக்குவது. இரண்டாவது, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும். மூன்றாவது, சாலையும் பேருந்தும். நான்காவது பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், நியாயவிலைக் கடை, அங்கன்வாடி. ஐந்தாவது பிழைப்பு: வருகிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அது இங்கிருந்து முடியுமா, முடியாதென்றால் மாற்று என்ன? இவ்வளவும் வரைபடத்தில் இல்லாமல், தரையில் இருக்கும்போது வீடு கட்டி முடிய வேண்டும். மக்கள் வருவது கடைசிக் கட்டம்.

நடந்ததைத் திருப்பிப் படித்தால் போதும். முதலில் லாரியில் மக்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் வந்தார்கள். வீடு மட்டும் இருந்தது. தண்ணீர் வண்டியில் வந்தது. குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். பேருந்து போதவில்லை, மயிலாப்பூரிலும் சைதாப்பேட்டையிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் விடியுமுன் எழுந்து, கிடைத்த சம்பளத்தில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்கே கொடுத்தார்கள். பலர் வேலையை விட்டார்கள். கல்வியாண்டின் நடுவே அகற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பழைய பள்ளிக்கும் போக முடியாமல், புதிய பள்ளியிலும் இடம் கிடைக்காமல் நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒரு பகுதியினர் திரும்பப் பள்ளிக்கே போகவில்லை. பள்ளியும் மருத்துவமனையும் பேருந்தும் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவற்றில் பெரும்பாலானவை மனு கொடுத்து, மறியல் செய்து, வாங்கியவை.

அந்த இடைவெளிக் காலம் எந்தத் திட்ட அறிக்கையிலும் பதிவாவதில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் நின்றுபோன பெண் பிள்ளைக்கு ஐந்து வருடம் கழித்து வந்த பள்ளிக் கட்டடம் எந்த வகையிலும் ஈடாகாது.

சாதி இங்கே எப்படி வேலை செய்கிறது?

‘இதில் சாதி எங்கே வருகிறது, இது வறுமைப் பிரச்சினை அல்லவா’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டின் குடியிருப்பு அமைப்பே ஊர், சேரி என்று பிரிந்தது. ஊருக்கு வெளியே, ஊருக்கு உழைக்கும் தூரத்தில் சேரி இருக்கும். இந்தப் புதிய குடியிருப்புகளைக் கவனியுங்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சாலையோரம், அந்த நிறுவனங்களின் துப்புரவுக்கும் காவலுக்கும் ஆள் கிடைக்கும் தூரத்தில், ஆனால் அவற்றின் ஊழியர்கள் வாழும் வளாகங்களிலிருந்து மதில் போட்டுப் பிரிந்து நிற்கின்றன. ‘கண்ணகி நகர்’ என்று முகவரி எழுதினாலே வேலைக்கான விண்ணப்பம் ஒதுக்கப்படுகிறது என்று அங்குள்ள இளைஞர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். பலர் ‘துரைப்பாக்கம்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அரசனிடமே நீதி கேட்ட பெண்ணின் பெயரை வைத்துவிட்டு, அந்தப் பெயரையே மறைத்து எழுத வேண்டிய நிலையை உருவாக்கியிருக்கிறோம். சேரியின் பெயரைச் சொல்லத் தயங்கிய பழைய அனுபவத்தின் தொடர்ச்சிதான் இது.

தனிக் குடியிருப்பு என்ற கருத்தை அண்ணல் அம்பேத்கர் இயக்கமே முன்வைத்ததே என்று சிலர் வாதிடலாம். உண்மை. 1942இல் நாகபுரி மாநாட்டிலும், 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ ஆவணத்திலும் தனிக் குடியமர்வுக் கோரிக்கை இருக்கிறது. ஆனால் அதன் உள்ளடக்கத்தைப் பாருங்கள். சாதி ஊரின் பிடியிலிருந்து விடுபட, அரசு கையிலிருக்கும் நிலத்தைப் பயிரிட ஒதுக்கி, தங்களுக்கான கிராமங்களை உருவாக்கிக்கொள்வது அது. அதில் நிலம் இருந்தது, பிழைப்பு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக விருப்பம் இருந்தது. பெரும்பாக்கத்தில் தனிமை மட்டும் கிடைத்தது. நிலத்தின் உரிமைகூட இல்லை. பெரும்பாலான குடும்பங்களின் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணைதான்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்

நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2015 வெள்ளத்தில் முதலில் மூழ்கியவர்களும் கரைவாசிகளே. வெள்ளம் ஓடும் தடத்தில் யாரும் வாழக் கூடாது என்பது அவர்கள் பாதுகாப்புக்கான கோரிக்கையும்தான்.

ஆனால் அதே அளவுகோல் எல்லாருக்கும் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி குப்பைக் கிடங்காகவும் சாலையாகவும் நிறுவன வளாகங்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியது. எஞ்சிய சுமார் 1,247 எக்டேருக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. இழந்த பகுதியை மீட்க எந்தப் பெரிய வளாகத்தின் முன்பும் புல்டோசர் போய் நின்றதாகத் தெரியவில்லை.

அதே 2022 மே மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டன. அதை எதிர்த்து ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான், அப்பகுதி மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வாரிய வீடுகள் வழங்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாம் குறித்துக்கொள்ள வேண்டியது இது: அருகில் இடமே இல்லை என்று காலம்காலமாகச் சொல்லப்பட்டது. ஓர் உயிர் போனதும் அருகில் இடம் இருப்பது தெரிந்தது. அப்படியானால் தொலைவு என்பது நிலத்தின் பற்றாக்குறையால் வந்தது இல்லை. முடிவெடுத்தவர்களின் தேர்வால் வந்தது.

நாம் கேட்க வேண்டியவை

1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. ஆனாலும் பம்பாயின் நடைபாதைவாசிகளை அந்தத் தீர்ப்பு அகற்றலிலிருந்து முழுமையாகக் காப்பாற்றவில்லை. தீர்ப்பின் வாசகத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஒவ்வொரு திட்டத்திலும் வரிசையைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பகுதியில் அகற்றல் அறிவிப்பு வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்துப்பூர்வமாகக் கேட்க ஐந்து கேள்விகளைச் சொல்கிறேன்.

ஒன்று: இந்த இடத்திலேயே அல்லது அருகில் வீடு கட்ட என்னென்ன நிலங்கள் ஆராயப்பட்டன? ஏன் ஒதுக்கப்பட்டன?

இரண்டு: புதிய இடத்தின் வெள்ள மட்டம் என்ன, தரைத்தளத்தின் மட்டம் என்ன? 2015இல் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது?

மூன்று: இன்றைய தேதியில் அங்கே இயங்கும் பள்ளியில் எந்தெந்த வகுப்பில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது? ‘கட்டப்படும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

நான்கு: முதல் பேருந்து எத்தனை மணிக்கு, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் போகிறவர்களின் நேரத்துக்கு அது ஒத்துவருகிறதா?

ஐந்து: கையில் தருவது ஒதுக்கீட்டு ஆணையா, விற்பனைப் பத்திரமா? யார் பெயரில், எந்தத் தேதிக்குள்?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்கும்வரை யாரும் லாரியில் ஏற வேண்டியதில்லை என்பதே நம் நிலைப்பாடாக இருக்க வேண்டும். கல்வியாண்டின் நடுவிலும் மழைக்காலத்திலும் அகற்றல் கூடாது என்பது அதன் குறைந்தபட்சம். குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வாழ்விடம் என்ற சொல்லை அவர்களே எடுத்துக்கொண்டதால், அதன் முழுப் பொருளையும் அவர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஏற்கெனவே அங்கே வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் எழுத்துகளிலேகூட இந்தக் குடியிருப்புகள் குற்றமும் கண்ணீரும் நிறைந்த இடங்களாக மட்டுமே வருகின்றன. அங்கே நூலகம் நடத்துகிறார்கள், மாலை வகுப்பு எடுக்கிறார்கள், பெண்கள் கூடிப் பேருந்துக்காகப் போராடியிருக்கிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார். இந்த வெற்றிகளைக் காட்டி ‘பாருங்கள், மறுகுடியமர்வு நன்றாகத்தான் நடந்தது’ என்று யாராவது சொன்னால், அதை நாம் ஏற்கக் கூடாது. திட்டம் விட்டுவைத்த ஓட்டைகளை மக்கள் தங்கள் உழைப்பால் அடைத்த கணக்கு அது.

இந்த அரங்கிலுள்ள மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். மூன்று குடியிருப்புகளிலும் எந்த வசதி எந்த ஆண்டு வந்தது, அது வருமுன் எத்தனை குடும்பங்கள் குடியேறியிருந்தன என்று தெருத்தெருவாகக் கேட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். முதல் பேருந்து, முதல் குழாய்த் தண்ணீர், முதல் பத்தாம் வகுப்பு என்று தேதி போடுங்கள். அடுத்த கால்வாய்க்கரைக்கு அறிவிப்பு ஒட்டப்படும் நாளில் அந்தப் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.